சேசம்மாக்கா விசாரித்த கடைசி மாப்பிள்ளை

எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிகிற நேரத்தில் பாதர் கல்யாண ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று அடுத்தடுத்து மூன்று ஞாயிறு வாசிப்பது வழக்கம். மற்ற கோவில்களில் இதைக் கேட்கும்போது ஜனங்கள் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடுவார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் தாராவிக் கோவிலில் பாதிப் பேர் தலையைத் திருப்பி இடது பக்கம் நாலாவது பெஞ்சைப் பார்ப்பார்கள். அங்கே சேசம்மாக்கா உட்கார்ந்திருப்பாள். அவள் பேசாமல் இருந்தால் கல்யாணம் நடக்கும். தொண்டையைச் செருமினால் போச்சு, பெண்ணைப் பெற்றவளுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்காது.

அக்காவுக்குப் பிழைப்பு மெஸ். நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பை தைக்கிற பட்டறைகள் இருக்கிற சந்தில் அவள் வீடு. கீழே அடுப்பும் இரண்டு நீள மேசையும், ஏணி ஏறிப் போனால் மேலே அவள் படுக்கை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து பட்டறை வேலைக்கு வந்து தனியாக இருக்கிற பையன்கள் இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். ஒருத்தனுக்கு ஆறு மாதம் சோறு போட்டால் அவன் யார் என்று தெரிந்துவிடும் என்பது அக்காவின் கட்சி. விசாரணை வேலை அப்படித்தான் அவள் தலையில் வந்து விழுந்தது. பக்கத்துச் சந்தில் இருந்து ஒருத்தி வந்து, "ஒங்க மெஸ்ல சாப்பிடுத அந்த ஒசரமான பையன எம் மவளுக்குக் கேக்குதாவ, ஆளு எப்படிக்கா?" என்றாள்.

"அப்பளம் ஒடஞ்சிருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான். வேற கொறையில்ல. ஒடையாத அப்பளமாப் பாத்து வைக்கச் சொல்லு ஒம் மவள" என்றாள் அக்கா.

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் இன்று வரை உடையாத அப்பளமாகப் பார்த்து வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். அதற்குப் பிறகு மெஸ்ஸில் சாப்பிடாத மாப்பிள்ளைகளையும் விசாரித்துச் சொல்லச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விக்ரோலி, செம்பூர், உல்லாஸ்நகர் என்று எங்கே மாப்பிள்ளை இருந்தாலும் அக்கா ரயிலேறிவிடுவாள். கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். மும்பைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அக்காவின் ஹிந்தியைக் கேட்டால் காய்கறிக்காரன் கையெடுத்துக் கும்பிடுவான். நான் இங்கேயே பிறந்து முனிசிபாலிட்டி பள்ளியில் படித்தவள், மராத்தியும் பேசுவேன். ஆனால் எனக்கு ஒரு குணம், யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவேன். ரயிலில் ஒரிஜினல் என்று விற்ற செண்டை வாங்கி வந்து தலைவலியில் இரண்டு நாள் படுத்தவள் நான். அதனால்தான் என்னைக் கூட்டிப் போகிறாளோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நான் நம்பியதை எல்லாம் அவள் இரண்டாவது தடவை விசாரிப்பாள்.

அக்காவின் முறையே தனி. மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போக மாட்டாள். இஸ்திரிக்காரர், முடிவெட்டுகிறவர், மீன்காரி, வாட்ச்மேன் என்று ஆளைப் பிடிப்பாள். நல்ல பையனா என்று கேட்கவே மாட்டாள். இல்லாத பழி ஒன்றைத் தூக்கிப் போட்டுப் பார்ப்பாள். "அந்தப் பையன் குடிச்சிட்டு ரோட்டுல கெடப்பானாமே?" என்பாள். கேட்டவன் சிரித்துவிட்டால் பையன் நல்லவன். கோபப்பட்டால் ரொம்ப நல்லவன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினால் அடுத்த ரயிலில் வீடு திரும்ப வேண்டியதுதான்.

உல்லாஸ்நகரில் ஒருவனை விசாரிக்கப் போனபோது நாலு பேரிடம் கேட்டோம். நாலு பேரும், "வைரம் மாதிரிப் பையன்" என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா முகம் சுண்டிவிட்டது. "நாலு வாயில ஒரே வார்த்தை வருதுன்னா நமக்கு முந்தி யாரோ வந்து சொல்லிக்குடுத்துட்டுப் போயிருக்கான் ஜெனி" என்றாள். இன்னொரு நாள் போய்த் துருவிப் பார்த்ததில் வைரத்துக்குக் கல்யாண் ஊரில் ஏற்கனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள்.

என் வீட்டுக்காரர் ஏஞ்சலோவையும் அக்காதான் விசாரித்தாள். "கோவக்காரன். ஆனா சோத்து மேல கோவிக்க மாட்டான். கட்டிக்க" என்றாள். அந்த மனுஷனோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது. தட்டைத் தள்ளிவிட்டு அவர் ஒரு நாளும் எழுந்து போனதில்லை.

இப்படி எல்லோரையும் சந்தேகப்படுகிறவள் சாமியை மட்டும் விடுவாளா? ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மாதாவிடம் ஒரு தடவை, அந்தோணியாரிடம் ஒரு தடவை, செபஸ்தியாரிடம் ஒரு தடவை என்று தனித்தனியாகப் போய் ஒரே விஷயத்தைக் கேட்பாள். மூன்று பேரிடமிருந்தும் ஒரே பதில் வருகிறதா என்று பார்ப்பாள். இது பாதர் காதுக்குப் போனது. பாதர் சின்ன வயசுக்காரர், ஆனால் முகத்தைப் பெரிய ஆள் மாதிரி வைத்துக்கொண்டு, "என்னம்மா, புனிதர்களையே சந்தேகப்படுறீங்களாமே?" என்று கேட்டார்.

"சந்தேகப்படாம? அங்கன ஆளே இல்லன்னு நினைச்சிருந்தா நான் ஏன் பாதர் போயி நிக்கப் போறேன்? இருக்கிற ஆள்ட்டதான விசாரிக்க முடியும்?"

பாதர் உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு அவர் செய்த பிரசங்கம் முழுக்க அதே விஷயம்தான். அக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை. அக்காவுக்கு அதில் இன்னமும் வருத்தம் உண்டு.

அக்காவுக்கு ஏன் இந்தக் குணம் வந்தது என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அவளைச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்தார்கள். சொந்தத்துக்குள் என்ன விசாரணை என்று விட்டுவிட்டார்கள். தாலி ஏறிய ராத்திரியே அந்த மனுஷன் குடித்துவிட்டு வந்தார். சில வருஷத்தில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தும் விட்டார். கைக்குழந்தை ஜெஸியை வைத்துக்கொண்டு அக்கா அடுப்பு மூட்டினாள். முடிவெட்டுகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஞானசேகரன் அண்ணாச்சி முதலில் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்து இறந்துபோனார். மகன் துபாயில். தங்கச்சி மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, விசாரித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வந்தார். அக்கா போய் வந்து, "நல்ல பையன், தாராளமாக் குடுக்கலாம்" என்றாள். மற்றவர்களாக இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து பத்திரிகை அடிக்கப் போயிருப்பார்கள். இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"முடிவெட்டுதவர்ட்ட எப்ப கேட்டிய?"

"சனிக்கெழம சாயங்காலம்."

"சனிக்கெழம சாயங்காலம்னா கடையில கூட்டமா இருக்கும்லா? மாப்பிள்ள வீட்டு ஆளு யாராவது அங்கன உக்காந்திருந்தா? அவன் முன்னால வச்சுக் கெட்டது சொல்லுவானா?"

அக்கா கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, என்னையவே விசாரிக்கியளா?"

"விசாரிக்கணும்னுதான வந்திருக்கேன். தப்பா எடுத்துக்கிடாதிய."

அவர் போன பிறகு அக்கா அவரைத் திட்டிய திட்டு சந்து முழுக்கக் கேட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த முடிவெட்டுகிறவரிடம் மறுபடி போனாள். பையன் நல்லவன்தான். அக்கா திரும்பும்போது ரயிலில், "அந்தாளு கேட்டது நியாயமான கேள்விதான் ஜெனி" என்று முணுமுணுத்தாள். இத்தனை வருஷத்தில் அவளைத் திருப்பிக் கேள்வி கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

தங்கச்சி மகள் கல்யாணம் நன்றாக நடந்தது. அதன் பிறகு அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்ஸுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தார். மீன் குழம்புக்காக என்றார். விக்ரோலியில் மீன் கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ரகளை நடந்தது. அக்கா முந்தின நாள் சாம்பாரைச் சுடவைத்து ஊற்றுகிறாள் என்று சந்தில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியவில்லை. அக்காவைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. இரண்டு சந்து தள்ளி மெஸ் நடத்துகிற பத்மஜாதான் பொறாமையில் சொல்லியிருப்பாள் என்று முடிவு கட்டி, கொட்டுகிற மழையில் அவள் வாசலில் போய் நின்று, "எஞ் சாம்பாரப் பத்திப் பேச ஒனக்கு என்னட்டி தகுதி இருக்கு? ஓம் பருப்புல பருப்பு இருக்கா?" என்று கத்தினாள். பாவம் பத்மஜா, மாதாவின் மேல் சத்தியம் செய்து அழுதாள். அக்கா நம்பவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் செம்பூரிலிருந்து ஜெஸி வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. நான் மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மம்மி, சீதா சீதா நேராவே சொல்லுதேன். ஞானசேகரன் அங்கிள் எங்க வீட்டுக்கு வந்தாரு. ஒன்னைய கல்யாணத்துக்குக் கேக்காரு. எனக்கு ஓகே. ஒம் மருமவனுக்கும் ஓகே."

"யாரு, அண்ணாச்சியா?" என்றாள் அக்கா. அதுதான் கடைசி. அந்த நிமிஷத்துக்குப் பிறகு அவள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதே இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியாமல் வெகு நாள் 'விக்ரோலிக்காரரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றாள் ஜெஸியிடம்.

"அரே மம்மி! ரெண்டு வருஷமா ஒன் மேசையிலதான உக்காந்து சாப்பிடுதாரு!"

"அது என் மேசையில. அவிய தெருவுல எப்படின்னு பாக்கணும்லா."

சயன் ஸ்டேஷனில் கல்யாண் ஸ்லோ வண்டியைப் பிடித்து நானும் அவளும் விக்ரோலிக்குப் போனோம். அன்றைக்கு அக்கா நல்ல சேலை கட்டியிருந்தாள். விசாரணைக்குப் போகும்போது பழைய சேலைதான் கட்டுவாள், நான் ஒன்றும் கேட்கவில்லை. வாட்ச்மேன், "குளிக்கும்போது பாடுவார், கேட்க முடியாது" என்றார். மளிகைக் கடைக்காரன், "ஒரு சோப்பு வாங்க நாலு சோப்பை மோந்து பார்ப்பார்" என்றான். ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு வார்த்தை வந்ததில் அக்காவுக்குத் திருப்தி.

கடைசியாக மீன்காரி. மராத்திக்காரி, நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. அக்கா என்னிடம், "சீக்காக் கெடந்த பொண்டாட்டியக் கவனிக்காம விட்டுட்டாராமேன்னு கேளு" என்றாள். எனக்கே கேட்க நாக்கு கூசியது. கேட்டேன். அந்தம்மா மீன் வெட்டுகிற கத்தியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டாள். எந்த நாய் சொன்னது என்றாள். அந்த மனுஷனின் பெண்டாட்டியால் மெல்ல முடியாது, அவள் படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் இங்கே வந்து முள்ளில்லாத மீனாகக் கேட்டு வாங்கிப் போவார், வீட்டுக்குப் போய் அதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் ஊட்டுவாராம், எனக்கு அது தெரியும், நீங்கள் யார் இதைக் கேட்க என்று கத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் ஓடாத குறையாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம்.

ரயிலில் லேடீஸ் பெட்டியில் கிளிப் விற்கிறவள் வந்தாள். முடிந்து போடுகிற கொண்டைக்கு எதற்கு அலங்காரம் என்று எங்களைத் திட்டுகிற அக்கா, சிவப்புக் கல் வைத்த கிளிப் ஒன்றை எடுத்துப் பல்லை இழுத்துப் பார்த்து, கல்லைச் சுரண்டிப் பார்த்து, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு விஷயம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் வைப்பதில்லை, அது தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று பேசி ஓலை கொடுத்தார்கள். முதல் ஓலை வாசித்த ஞாயிறு கோவிலே சிரித்தது. தடை இருப்பதாக அறிந்தவர்கள் என்று பாதர் சொன்னதும் எல்லோரும் பழக்கத்தில் நாலாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று நான் எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்! ஒரே ஒரு சாமியிடம்தான் கேட்டேன், எனக்கு அது போதும்.

இரண்டாம் ஓலை. பாதர் வாசித்து முடித்தார். எல்லோரும் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள்.

சேசம்மாக்கா தொண்டையைச் செருமினாள்.

கோவிலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பாதர் கடைசிப் பாட்டை அவசரமாக முடிக்கச் சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றாமலே வெளியே ஓடி வந்தார்.

"என்னம்மா, சளியா?"

"சளி இல்ல பாதர். தடை இருக்கு."

வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "என்னக்கா கிறுக்குப் புடிச்சிருக்கா? மீன்காரி கத்தியத் தூக்கிட்டு வந்தது மறந்துபோச்சா? அந்த மனுசன்ட்ட என்ன கொறை கண்ட?"

"அவியட்ட ஒரு கொறையும் இல்லட்டி. அதாம் எனக்கு வயித்தெரிச்சலு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி மவளுக்கு மாப்பிள்ள பாக்கையில என்னைய என்ன கேள்வி கேட்டாவ? எப்ப கேட்ட, யாரு இருந்தா, என்ன சொன்னான்னு. தனக்குன்னு பொண்ணு பாக்கையில ஒரு ஆள்ட்ட, ஒரு வார்த்தை விசாரிக்கல. நம்ம சந்துல நடந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? அப்ப நான் என்ன, கொசுறாக் கெடைக்கிற கொத்தமல்லியா? சோப்பக்கூட மோந்து பாத்து வாங்குத மனுசன் என்னைய அப்படியே எடுத்துப் பையில போடுதாருன்னா, அவருக்குச் சோறாக்க ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான். நான்னு இல்ல, யாரா இருந்தாலும் சரிதான் அவருக்கு. முதல் தடவதான் என்னைய ஏமாத்திக் கட்டி வச்சாவ. ரெண்டாம் தடவ நானே போயி விழுவேனா?"

அவள் சொன்னதில் ஒரு பக்கம் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. நான்தான் எதையும் நம்புகிறவளாயிற்றே.

புதன்கிழமை சாயங்காலம் பாதர் இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். அக்கா துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். கையில் பாதருக்கென்று குழம்பு ஊற்றிய எவர்சில்வர் தூக்குவாளி. ஞானசேகரன் ஐயா ஏற்கனவே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னாள். கொத்தமல்லியை மட்டும் விட்டுவிட்டாள்.

பாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மாப்பிள்ளை விசாரிக்கலங்கிறத எந்தச் சட்டத்துலம்மா நான் தடைன்னு எழுதுறது?"

"விசாரிச்சேன்" என்றார் ஞானசேகரன் ஐயா.



"எப்ப?" என்றாள் அக்கா.

"போன மழைக்காலத்துல. ஒங்க மவள்ட்ட வந்து கேக்கதுக்கு ரொம்ப முந்தியே."

"யாருட்ட?"

"ஒங்க சந்து மொனையில இஸ்திரி போடுதாருல்லா தளவாய், அவருட்ட. அங்கன நின்ன ரெண்டு பேர்ட்டயும்."

"என்ன கேட்டிய?"

ஞானசேகரன் ஐயா பாதரைப் பார்த்தார். "பாதர், அந்தத் தூக்குவாளிய மொதல்ல அவியட்ட இருந்து வாங்கி வச்சிருங்க."

பாதர் ஒன்றும் புரியாமல் வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நீங்க விசாரிக்கிற மாதிரியேதான் விசாரிச்சேன். பழியத் தூக்கிப் போட்டுப் பாக்கணும்லா? அந்தம்மா மெஸ்ல முந்தின நாளு சாம்பாரச் சுடவச்சு ஊத்துதாவளாமேன்னு கேட்டேன்."

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நீங்களா! அது நீங்களா! அந்தப் பத்மஜாவ நான் மழையில நின்னு..."

"தளவாய் இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டாரு பாதர், கங்கோட. நான் ஓடிட்டேன். ஆனா பக்கத்துல நின்ன ரெண்டு பேரு அதக் கேட்டுக்கிட்டுப் போயிட்டாவ. ஊருக்குள்ள இப்படிப் பரவும்னு நான் நினைக்கல."

அக்காவின் உதடு துடித்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன், பாதரும் சிரித்தார், ஞானசேகரன் ஐயா மட்டும் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது. "சரி. விசாரிச்சிய. என்ன கொறை சொன்னாவ? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ரெண்டு வாரம் கழிச்சு தளவாய்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி விசாரிச்சேன். எதையும் நம்ப மாட்டாவன்னாரு. கடையில தேங்கா வாங்குனா ஒடச்சுக் காட்டச் சொல்லுவாவன்னாரு. ரெண்டு நாளு ஒரு பையன் சாப்பிட வரலன்னா வேற மெஸ்ஸுக்குப் போயிட்டான்னு சந்தேகம் வந்துருமாம். கையும் களவுமாப் புடிக்கணும்னு அவன் ரூமுக்கே போயிருவாவளாம். போயிப் பாத்தா அவன் காய்ச்சல்ல கெடப்பான். திட்டிக்கிட்டே கஞ்சி வச்சுக் குடுத்துட்டு வருவாவன்னு சொன்னாரு." பிறகு அக்காவைப் பார்க்காமல் பாதரிடம் சொன்னார். "நான் விக்ரோலில தனியா இருக்கேன் பாதர். சோறு எங்கயும் கெடைக்கும். ரெண்டு நாளு என்னையக் காணலன்னா சந்தேகப்பட ஒரு ஆளு இல்ல. அதாம் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. பாதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"இருந்தாலும் சாம்பாரு விஷயத்துல நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "பத்மஜாட்ட நீங்கதான் வந்து மன்னிப்புக் கேக்கணும். நானும் கூட வருவேன்."

"வாரேன்."

"நாளைக்கே."

"நாளைக்கே வாரேன்."

மறுநாள் இரண்டு பேரும் பத்மஜா வாசலில் போய் நின்றார்கள். விஷயத்தைக் கேட்டு முடிக்கிற வரையில் பத்மஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும், கல்யாணத்துக்குச் சாம்பார் நான்தான் வைப்பேன், சம்மதமா என்றாள். அக்காவுக்கு அது சுலபமான தண்டனை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள்.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று கோவிலில் உட்கார இடமில்லை. வேறு பங்குக் கோவில்களிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பாதர் வாசித்தார். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவரும் நாலாவது பெஞ்சைப் பார்த்தார். அக்கா சிவப்புக்கல் கிளிப் குத்தியிருந்தாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

"எங்களுக்குள்ள விசாரிச்சாச்சு பாதர். நீங்க மேல படிங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. பத்மஜாவின் சாம்பாரில் பருப்பு நிறையவே இருந்தது. ஞானசேகரன் ஐயா இப்போது தாராவியில்தான் இருக்கிறார். மெஸ்ஸுக்குக் காய் வாங்கி வருகிறார், ஒவ்வொரு கத்தரிக்காயையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால் கடைக்காரர்களுக்கு அக்காவே தேவலை என்று ஆகிவிட்டது. குளிக்கும்போது பாடுகிறார். வாட்ச்மேன் சொன்னது உண்மைதான்.

போன வாரம் விக்ரோலி வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையில் போனவர் விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அக்கா அடுப்பை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு சயன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். "இந்த மனுசன் எங்க போயித் தொலைஞ்சாரோ, எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு ஜெனி. அந்த மீன்காரிட்டப் பேசிக்கிட்டு நிக்காரோ?" என்று புலம்பியபடி ஸ்டேஷன் பாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஒரு வண்டிக் கூட்டம் முழுக்க இறங்கிப் போன பிறகு கடைசி ஆளாக அவர் மேலே தெரிந்தார். கையில் மீன் பை. அக்கா நிற்பதைப் பார்த்ததும் பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்று கீழேயிருந்தே கத்தினாள்.

"ட்ரெயினு லேட்டு. போனுல சார்ஜ் போச்சு."

"ஏட்டி ஜெனி, போர்டுல என்ன போட்டிருக்குன்னு பாரு."

"லேட்டுன்னுதான்க்கா போட்டிருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். அவள் அவர் கையிலிருந்து பையை வாங்கி, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.